லாஸ்பேட்டையில் வெயில், விமானம் கடல்மேல்

ஆடி, ஆவணி மாதங்களில் ஹைதராபாத்திலிருந்து புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு மாலையில் வந்து இறங்கும் விமானத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் கொஞ்சம் பொறுமையையும் பையில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பகல் முழுக்கக் காய்ந்த திருவண்ணாமலைப் பக்கத்தில் பிற்பகலுக்குமேல் இடிமேகம் எழும்பும். உயரத்தில் வீசும் மேல்காற்று அதைக் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நாம் இறங்குகிற நேரமும் அது வந்து சேருகிற நேரமும் பல நாள் ஒன்றாகவே அமைந்துவிடும்.

போன ஆவணியில் எனக்கு அப்படித்தான் ஆனது. ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானத்தில் இறக்கை தலைக்குமேல் இருப்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எதுவும் மறைக்காது. இறங்கத் தொடங்கி, விசிறிகளின் இரைச்சல் தணிந்திருந்தது. வலப்பக்கம், செஞ்சிக்கு மேலாக இருக்கும், ஒரு மேகம் நின்றது. அடி கருநீலம்; உச்சி வெயில் பட்டு வெளுத்து, தட்டையாக விரிந்து எங்களுக்கு மேலேயும் வெகுதூரம் நீண்டிருந்தது. பணிப்பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு சீட் பெல்ட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. கீழே சவுக்குத் தோப்பு, வெண்மணல், அப்புறம் கடல். அங்கே ஒரு வட்டம், இன்னொரு வட்டம். பக்கத்து இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

இறங்கி வெளியே வந்தால், என்னை அழைத்துப்போகக் கடலூரிலிருந்து வந்திருந்த மாமா அவரைவிடக் கோபமாக இருந்தார்.

“இங்கே ஒரு சொட்டுகூட விழவில்லை. வெயில் அடித்தது. கொஞ்ச நேரம் காற்று வீசியது, ஆட்டோவின் படுதா படபடத்தது, கண்ணில் மண் விழுந்தது. அவ்வளவுதான். இதற்கா உங்கள் விமானி பயந்தார்?”

“அந்தக் காற்றுதான் மாமா காரணம்” என்றேன். கடலூர் போய்ச் சேரும்வரை எங்களுக்குள் இதே வழக்கு.

இடிமேகத்துக்குள் மழையால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுகிறது. தரையில் மோதி எல்லாத் திசையிலும் சிதறி ஓடுகிறது. மழைக்கு முன்னால் வந்து முகத்தில் அறைகிற குளிர்காற்று அதுதான். தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை; மேற்கே வானம் கருத்து, அந்தக் காற்று மேலே பட்டால் படகைக் கரைக்குத் திருப்பிவிடுவார்கள். விமானத்துக்கு இது இன்னும் பொல்லாதது. சிதறும் காற்றுக்குள் நுழையும்போது முதலில் எதிர்க்காற்று. விமானம் தானாக மேலெழும்பும், விமானி விசையைக் குறைக்கத் தோன்றும். அடுத்த சில நொடிகளில் மேலிருந்து அமுக்கும் காற்று. அதற்கடுத்துப் பின்னாலிருந்து தள்ளும் காற்று. இறக்கையைத் தாங்கும் வேகம் சரிந்துவிடும். 35,000 அடியில் இது நடந்தால் சமாளிக்க இடம் உண்டு. 800 அடியில் ஏது?

1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் டெல்டா 191 விமானம் இப்படித்தான் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. 137 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்னால் ஒரு சிறிய ஜெட் அதே மழைக்குள் புகுந்து பத்திரமாக இறங்கியிருந்தது. “முன்னால் போனவர் இறங்கிவிட்டாரே” என்ற வாதத்தை அதிலிருந்து நான் நம்புவதில்லை. இந்தக் கீழ்விழும் காற்றின் வீச்சு நான்கு கிலோமீட்டருக்குள்தான். ஆயுளும் சில நிமிடங்கள்தான். முன்னால் போனவர் பார்த்தது வேறு வானம்.

“மூக்கில் ராடார் இருக்கிறதே, அதில் தெரியாதா?” என்றார் மாமா. ரெட்டிச்சாவடியில் தேநீருக்கு நிறுத்தியிருந்தோம். தெரியும், ஆனால் அது காட்டுவது நீரைத்தான். காற்றைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவிகள் டாலஸ் விபத்துக்குப் பிறகுதான் பரவலாயின. கனமழை நடுவில் நின்றால் ராடார் அலை அதிலேயே செலவழிந்து, பின்னால் இருப்பது வெற்றிடம்போலத் தெரியும். 1977-இல் அட்லாண்டாவை நோக்கி இறங்கிய சதர்ன் ஏர்வேஸ் 242 விமானம் அப்படி ஒரு பொய் இடைவெளியை நம்பிப் புகுந்தது. மழையும் ஆலங்கட்டியும் இரண்டு இன்ஜின்களையும் நிறுத்திவிட்டன.

மின்னலைப் பற்றியும் கேட்டார். எல்லோரும் கேட்பது அதைத்தான். பயணி விமானம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை மின்னல் வாங்குகிறது. உலோகத்தோல் வழியாக அது ஓடிப்போய்விடும். எனக்கு அதில் கவலை இல்லை.

எனக்குக் கவலை மனிதர்கள்தான். 1999-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தார் டாலஸில் இறங்கிய விமானங்களின் பாதைகளை மழை ராடாரோடு பொருத்திப் பார்த்தார்கள். தொலைவில் மேகத்தைச் சுற்றிப் போகிற விமானிகள், நிலையம் நெருங்கியதும் அதே மாதிரி மேகத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள். விமானம் தாமதமாகியிருந்தால், இருட்டிவிட்டால், முன்னால் இன்னொரு விமானம் போயிருந்தால் புகுவது இன்னும் அதிகம். வீட்டு வாசல் தெரிந்துவிட்டால் யாருக்குத்தான் நிற்கத் தோன்றும்? கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்களும் வாசலில் நின்று திட்டுகிற மாமாக்களும் அந்த அவசரத்துக்கு எண்ணெய் வார்க்கிறார்கள் என்பது என் கட்சி. கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர், விலகியிரு என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரை. விழுப்புரத்தின்மேல் மேகம் நின்றாலே லாஸ்பேட்டை அந்த வட்டத்தின் விளிம்புக்கு வந்துவிடுகிறது.

“சரி, சுற்றிச் சுற்றிப் பெட்ரோல் தீர்ந்துவிட்டால்?” மாமா விடுவதாக இல்லை. மாற்று நிலையத்துக்குப் போகும் அளவும், அதற்குமேல் அரைமணி நேரம் பறக்கும் அளவும் எரிபொருள் போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பது விதி என்றேன். சென்னைக்குத் திருப்பிவிட்டிருந்தால் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து நள்ளிரவுக்கு வீடு வந்திருப்பேன். அதற்கும் மாமா விமானியைத்தான் திட்டியிருப்பார்.