ஒரு ஸ்க்ரூவில் போகும் ஞாயிற்றுக்கிழமை

பைக்கை வீட்டிலேயே பழுது பார்ப்பவர்களுக்கு: ஹேண்டில்பாரில் பிரேக் ஆயில் டப்பா இருக்கிறதே, அதன் மூடியில் இரண்டு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாக மாறுவது பெரும்பாலும் அங்கேதான். ஸ்க்ரூ இரும்பு, டப்பா அலுமினியம். மழைத் தண்ணீர் இடுக்கில் இறங்கி இறங்கி, வருடக்கணக்கில் இரண்டுக்கும் நடுவே அரிப்பு பிடித்திருக்கும். அலுமினியம் அரித்து வரும் வெள்ளைப் பொடி மரையை அடைத்து ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளும். அதில் கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் நாலு மூலையும் மழுங்கி, தலை வெறும் வட்டக் குழியாகிவிடும்.

கையில் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். முனைதான் தப்பு. ஜப்பானிய பைக்குகளிலும் அவற்றை ஒட்டி வந்த பல பைக்குகளிலும் இருப்பது நாம் வழக்கமாகப் பார்க்கும் பிலிப்ஸ் என்ற ஸ்டார் ஸ்க்ரூ அல்ல, ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்து ஸ்க்ரூ. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தலையில் குட்டிப் புள்ளி போல ஒரு குழி இருந்தால் ஜே.ஐ.எஸ். என்று புரிந்துகொள்ளலாம், எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி இருக்காது. பிலிப்ஸ் முனை அதற்குள் முழுதாக இறங்காமல் மேலேயே நிற்கும், அழுத்தித் திருகினால் வழுக்கி வெளியே வரும். டப்பா மூடிக்கு 2-ஆம் நம்பர் முனை, எஞ்சின் கவரில் வரும் 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3-ஆம் நம்பர். பலரிடம் 3-ஆம் நம்பரே இருக்காது, எல்லாவற்றுக்கும் 2-தான். முனை குழிக்குள் ஆடினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அசையாத ஸ்க்ரூவுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயில் விட்டு வைக்க வேண்டும். மறுநாள் முனையை நேராக நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தில் சுத்தியலால் நாலைந்து சின்னத் தட்டு. முதலில் துளி டைட் பக்கம், பிறகு லூஸ் பக்கம். எந்தப் பக்கம் அசைந்தாலும் அரிப்பின் பிடி உடையும். எஞ்சின் கவர் என்றால் இம்பாக்ட் டிரைவர் (சுத்தியலால் அடித்துத் திருப்பும் ஸ்க்ரூடிரைவர்) வாங்கிவிடுவது நல்லது; அடிக்கிற அடியிலேயே முனையை உள்ளே அழுத்திக்கொண்டு திரும்பும். பிரேக் டப்பாவில் அதை வைத்து அடித்தால் டப்பாவே விரிசல் விடும். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் உதவும், பெட்ரோல் வரும் இடத்திலிருந்து தள்ளியே.

தலை முழுக்கப் போய்விட்டால், தலையை மட்டும் ட்ரில் போட்டு எடுத்துவிட்டுக் கவரைக் கழற்றுங்கள். இறுக்கம் விட்டுப்போனதால் மீதித் தண்டு பெரும்பாலும் பிளையருக்கே சுற்றி வந்துவிடும். மாட்டிக்கொண்ட தண்டில் துளை போட்டுத் திருகி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைக் கடைசிக்கு வையுங்கள். அது கடினமான எஃகு; உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதில் கீறல்கூடப் போடாது.

எஞ்சின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் நோய் நேர்மாறு. அங்கே கழற்றுவது சுலபம், மாட்டும்போதுதான் மரை போகும். சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம்தான் சொல்லியிருப்பார்கள் (உங்கள் வண்டிக் கையேட்டில் இருப்பதே கணக்கு). 25 என்றால், 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 12.5 கிலோ இழுவை. அவ்வளவுதான். 60 கிலோ ஆள் 30 செ.மீ. ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் இறுக்கம் 175 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். அலுமினிய மரை தாங்காது. ஆயில் கசிகிறது என்று மேலும் மேலும் இறுக்குகிறார்களே, கசிவது பழைய வாஷரால். அது ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கென்றே செய்தது, ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

ஆயில் அளவை சைடு ஸ்டாண்டில் பார்த்தால் தப்பாகத்தான் காட்டும். வண்டி நேராக நிற்க வேண்டும், எஞ்சின் ஓடி நின்று சில நிமிடம் ஆகியிருக்க வேண்டும். சில வண்டிகளில் ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருகி. இது தெரியாமல் அதிகம் ஊற்றுவது சகஜம். கிளட்ச் அதே ஆயிலில் நனைந்து ஓடும் பைக் என்றால் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 (இத்தகைய பைக்குகளுக்கான ஜப்பானிய ஆயில் தரம்) என்று இருக்கட்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயில் கிளட்சை வழுக்க வைக்கும்.

செயின் டைட் வைப்பவர்கள் கடைசி ஒரு நிமிடத்தில் ஏமாறுகிறார்கள். தளர்வு 25 மி.மீ. என்று அழகாக வைத்து, பின் வீலைப் பிடிக்கும் ஆக்ஸில் நட்டை இறுக்கியதும் அளவு மாறியிருக்கும். வீல் துளி நகர்ந்துவிட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவே சுருட்டிய துணியை வைத்து வீலைப் பின்னோக்கி உருட்டினால், வீல் முன்னே இழுபட்டு, செயின் தளர்வை வைக்கும் அட்ஜஸ்டரோடு ஒட்டி நிற்கும். அப்படியே நட்டை இறுக்குங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே தளர்வில் இருக்காது. வீலைச் சுற்றி, மிக டைட்டான இடத்தில்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். பின்னால் டிரம் பிரேக் என்றால் பெடல் ஆட்டத்தையும் பிரேக் லைட்டையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், இதைத்தான் மறப்பார்கள்.

கவர் ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் அல்ல. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூ குட்டைத் துளைக்குப் போனால் அடியில் முட்டிக் கேஸை உடைக்கும், குட்டை நீளத்துக்குப் போனால் பிடிக்க மரை போதாமல் பிய்த்துக்கொண்டு வரும். எல்லாவற்றையும் முதலில் விரலால் சுற்றி உட்கார வைத்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

டிஸ்க் பிரேக் பேட் மாற்றும்போது, பேடை அழுத்தும் பிஸ்டனைப் பின்னே தள்ளியிருப்பீர்கள். முதல் இரண்டு மூன்று அழுத்தலுக்கு லீவர் வெறுமனே கிரிப் வரை வரும், பிரேக்கே பிடிக்காது. வண்டியைத் தள்ளுவதற்கு முன்பே, ஸ்டாண்டில் இருக்கும்போதே, லீவர் கெட்டியாகும் வரை அழுத்துங்கள்.