மொட்டு விரியும்வரை

"இதுக்கு டிக்கட் எங்கை எடுக்கிறது, தம்பி?"

பூங்காவுக்குள் நுழையும்போது அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். டிக்கட் இல்லை அம்மா, சும்மா போகலாம் என்றேன். அவர் நம்பவில்லை. யாராவது வந்து காசு கேட்பார்கள் என்று கைப்பையின் சிப்பில் கையை வைத்தபடியே கொஞ்சத் தூரம் நடந்தார்.

சுவிற்சர்லாந்தில் லோசான் நகரத்திலிருந்து மோர்ஜ் என்ற ஊருக்கு ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடம். லெமான் ஏரிக் கரையில், பழைய கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பூங்கா. சுதந்திரப் பூங்கா என்று பெயர். பேர்ண் நகரத்தாரின் ஆட்சியிலிருந்து, இந்த ஊர்கள் இருக்கும் வோ மாநிலம் 1798இல் விடுபட்டதன் நினைவு அது. 1971 தொடங்கி அங்கே வசந்தத்தில் டியூலிப் விழா நடக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் பூக்கள், ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1991இல். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். திங்கட்கிழமை லீவு. அறையில் நாலு பேர், வெளியே போய் எங்காவது உட்காரலாம் என்றால் கோப்பிக் கடையில் ஏதாவது வாங்க வேண்டும். அப்படி அலைந்த ஒரு ஏப்ரலில்தான் இந்தப் பூங்காவைக் கண்டேன். காசு கொடுக்காமல், யாரும் எழும்பச் சொல்லாமல் எனக்கு உட்காரக் கிடைத்த முதல் இடம். அம்மாவின் கடிதங்களை அந்த வாங்குகளில் இருந்துதான் வாசிப்பேன். பூக்களைப் பற்றிப் பதிலும் எழுதினேன். அவற்றை அவரே பார்க்க இத்தனை வருசம் ஆகிவிட்டது. இப்போது மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார், வயது 78.

நாங்கள் போனது காலை ஒன்பதரைக்கு. நல்ல குளிர். சேலைக்கு மேல் என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாத்திகளைச் சுற்றிப் பார்த்தவர், "எல்லாம் மொட்டாக் கிடக்கு. ஒண்டும் விரியேல்லையே" என்றார். முகம் வாடிவிட்டது. அவை மொட்டுகள் அல்ல. டியூலிப் இரவுக் குளிரில் மூடிக்கொள்ளும், வெயில் பட்டால் திறக்கும். சூட்டில் இதழின் உட்பக்கம் வேகமாக வளரும், குளிரில் வெளிப்பக்கம் வளரும், அதுதான் காரணம். பொறுங்கோ அம்மா, வெயில் வரட்டும் என்றேன்.

ஏரியைப் பார்த்து உட்கார்ந்தோம். அக்கரையில் பிரான்ஸ், அதற்குப் பின்னால் பனிமலைகள். அன்று மொன் பிளான் சிகரமும் தெளிவாகத் தெரிந்தது. அம்மா பருத்தித்துறைக்காரி, தண்ணீரை வேறு மாதிரிப் பார்ப்பவர். "கடல் மாதிரித்தான் இருக்கு. மணம் இல்லை" என்றார். பிறகு டப்பாவைத் திறந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டோம்.

பதினொரு மணிக்கு மேல் வெயில் நன்றாக ஏறியது. எங்கள் வாங்குக்கு முன்னால் ஒரு சிவப்பு டியூலிப். விரிவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாய் புட்டு எடுத்துவிட்டு நிமிர்ந்தால் கொஞ்சம் அகன்றிருக்கும். அம்மா குனிந்து உள்ளே பார்த்தார். ஆறு இதழ், அடியில் கரிய நட்சத்திரம் ஒன்று, அதன் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு. நடுவில் கறுப்புப் பொடி பூசிய ஆறு கேசரங்கள். "உள்ளுக்குள்ளை இப்பிடி ஒரு வடிவை வைச்சுக்கொண்டே மூடிக் கிடந்தது!" என்றார்.

வீட்டில் விடிந்தால் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் ஆய்ந்து சாமிக்கு வைப்பவர் அவர். இங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். விழுந்துகிடந்த இதழ் ஒன்றை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தொட்டுப்பார், நுங்கு மாதிரிக் குளிருது." நான் முப்பது வருசத்துக்கு மேல் இந்தப் பூக்களைப் பார்க்கிறேன், ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

திரும்பும்போது, "இது விதையோ கிழங்கோ? ஊருக்குக் கொண்டுபோகலாமோ?" என்று கேட்டார். கிழங்குதான். ஆனால் மண்ணுக்குள் ஒரு குளிர்காலத்தைக் கழித்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். இலையுதிர் காலத்தில் நடுவது அதற்காகத்தான். யாழ்ப்பாணத்து மார்கழியை இங்கே ஒருவரும் குளிர் என்று சொல்லமாட்டார்கள். அம்மா விடவில்லை. சரி, ஒரு வழி இருக்கிறது என்றேன். கிழங்கைக் காகிதப் பையில் போட்டு, மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து நட வேண்டும். பக்கத்தில் பழம் எதுவும் இருக்கக் கூடாது, பழத்திலிருந்து வரும் வாயு உள்ளே இருக்கும் பூங்குருத்தைக் கெடுத்துவிடும்.

செப்டம்பரில் இங்கே கடைகளில் கிழங்கு வந்துவிடும். ஊருக்குக் கொண்டுபோகத் தேவையான பத்திரங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. நேற்றுப் போனில் சொன்னார்: "ஃபிரிட்ஜின்ரை கீழ்த்தட்டைத் துடைச்சு வைச்சிட்டன் தம்பி. மாம்பழம் எல்லாம் இப்ப குசினி மேசையிலைதான்."