கவுன்சிலிங் கொடுக்கப்பட்டது

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்களின் களப்பணி அறிக்கைகளில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: 'கவுன்சிலிங் கொடுக்கப்பட்டது'. களப்பணிக்கு வரும் மாணவர்களை வழிநடத்தும் ஏஜென்சி சூப்பர்வைசராக அந்த வரிக்குக் கீழே பல ஆண்டுகள் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் களம், பிறகு ரிப்போர்ட். நோயாளிகளின் கோப்புகளோடு அவையும் என் மேஜையில் சேரும். படிக்காமலே கையெழுத்திட்ட நாட்களும் உண்டு. அது தவறு.

சென்னையில் நாங்கள் வேலை செய்யும் காசநோய்ப் பிரிவுக்கு முதலாண்டு மாணவர் ஒருவர் வந்திருந்தார். மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்ட ஒரு சுமைதூக்கும் தொழிலாளியைச் சந்தித்துவிட்டு அதே வரியை எழுதியிருந்தார். அன்று ஏனோ கை ஓடவில்லை. "நீங்க என்ன சொன்னீங்க, அவர் என்ன சொன்னார், பேசினது பேசினபடியே எழுதிட்டு வாங்க" என்றேன்.

மூன்று பக்கம் வந்தது. குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறலாம். சத்துணவுக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆகியிருக்கிறது. ஒன்றும் பிழையில்லை. ஆனால் மூன்று பக்கத்திலும் நோயாளி பேசியது "சரி சார்" மட்டும். ஐந்து இடங்களில்.

உதவி தேடி வருபவரோடு எப்படிப் பழக வேண்டும் என்று சமூகப்பணி அறிஞர் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கோட்பாடுகளை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எல்லா மாணவர்களும் சொல்வார்கள். இவரும் சொல்வார். ஆனாலும் காதுகொடுத்துக் கேட்பது பற்றி நானும் விளக்க ஆரம்பித்தேன். "சரி மேடம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "சரி மேடம்". மூன்றாம் முறை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பேச்சை நிறுத்தினேன்.

"அவர் எதிர்ல உட்கார்ந்திருந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?"

பதில் வர நேரமாயிற்று. "அவர் இருமினார் மேடம். நான் சேரைப் பின்னால இழுத்துக்கிட்டேன். அதை அவர் பார்த்துட்டார். அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியல. தெரிஞ்சதையெல்லாம் சொல்லிட்டேன்."

முதல் நாளே மாஸ்க் கொடுத்திருந்தேன், நோயைப் பற்றி வகுப்பும் எடுத்திருந்தேன். பயமா இருக்கா என்று மட்டும் கேட்கவில்லை. இந்த இடத்துக்குப் போக வேண்டாம் என்று அவருடைய அம்மா தடுத்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. எப்படிப் பரவும், காற்றோட்டம் ஏன் முக்கியம் என்று அவர் கேட்கக் கேட்கப் பேசினோம். அடுத்த முறை இருவரும் மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே மரத்தடி பெஞ்சில் உட்காரலாம் என்று அவரே சொன்னார்.

அடுத்த பதிவில் நோயாளியின் வரிகள் நீண்டிருந்தன. மாத்திரை போட்டால் குமட்டல். விடியும் முன்பே கோயம்பேட்டில் மூட்டை தூக்க வேண்டும். ஒருநாள் தலையில் மூட்டையோடு கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அன்றே மாத்திரையை விட்டுவிட்டார். கூலியா மருந்தா என்ற கணக்கில் கூலி ஜெயித்திருக்கிறது. மருத்துவரிடம் இதைக் கொண்டுபோனோம். அவர் மறுபடி சளிப் பரிசோதனை செய்து, மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்.

அதே பதிவில், பாதியில், 'இரண்டு நிமிடம் இருவரும் பேசவில்லை' என்று ஒரு வரி இருந்தது.

"இதையெல்லாம் எழுதலாமா மேடம்?"

"எழுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.