பிக்கப் டேங்கின் காற்றுக்குழாயை மாற்றிப் பார்த்தேன்: 14 நிமிடம் 2 நிமிடத்துக்குள் வந்தது

பெங்களூரு மர்பி டவுனில் நான் வழக்கமாக டீசல் போடும் பங்கில், என் வண்டி உள்ளே திரும்பும்போதே பையன் கையைக் காட்டிவிடுவான். "அண்ணா, கடைசிக்குப் போயிடுங்கண்ணா. இங்கே நின்னா பின்னாடி லைன் ரோட்டுக்குப் போயிடும்." அவன் மேல் தப்பில்லை. நாஸிலை வைத்து அழுத்தினால் இரண்டு லிட்டர் போகும், டக்கென்று கட் ஆகும். நுரை அடங்கும்வரை நின்று மறுபடி அழுத்தினால் ஒன்றரை லிட்டர், மறுபடி டக். கடைசி பத்து லிட்டருக்கு லீவரைப் பாதி அழுத்திப் பிடித்து, நூல் மாதிரி விட வேண்டும். ஜனவரியில் ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 45 லிட்டர் ஏற 13 நிமிடம் 40 விநாடி. 17 முறை கட்.

வண்டி 2014 மாடல் டீசல் பிக்கப், 60 லிட்டர் தகர டேங்க். செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு வருடம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சூளகிரி பக்கம் மாமனார் தோட்டத்துக்குப் போய்வரத்தான் அதிகம் ஓடுகிறது. மற்ற நாட்களில் ஆபீஸ் முடிந்து வந்தால் வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன். அதுதான் என் பொழுது.

முதலில் பங்க் மேலேயே சந்தேகப்பட்டேன். இப்படி விட்டு விட்டு ஊற்றினால் அளவு குறையுமோ என்று 5 லிட்டர் அளவுக் கேனைக் கேட்டேன். எல்லா பங்கிலும் அது இருக்கும், கேட்டால் நம் கண்ணெதிரே பிடித்துக் காட்ட வேண்டும். பிடித்துக் காட்டினார்கள், கோடு சரியாக இருந்தது. இன்னும் இரண்டு பங்குகளில் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் அதே டக் டக். கோளாறு வண்டியில்தான்.

விஷயம் புரிந்தது வீட்டுச் சமையலறையில். அம்மா நல்லெண்ணெயை டின்னிலிருந்து பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். புனல் பாட்டில் வாயில் அழுந்தி உட்கார்ந்ததும் எண்ணெய் அப்படியே நின்றுவிட்டது. அம்மா பேச்சை நிறுத்தாமலே புனலை ஒரு நெல்மணி அளவு தூக்கினார். குளுக்கென்று ஒரு குமிழி மேலே வந்தது, எண்ணெய் சரசரவென்று இறங்கியது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் என் வண்டியில் தூக்க வேண்டிய புனல் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன்.

டேங்கில் காற்றுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஓடும்போது டீசல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வரும் மெல்லிய வழி. டேங்க் தலையில் ஒரு சின்ன வால்வு, அதற்குள் ஒரு குண்டு. வண்டி கவிழ்ந்தால் குண்டு விழுந்து அடைத்துக்கொள்ளும், டீசல் வெளியே கொட்டாது. மற்றொன்று, ஊற்றும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் வழி. டேங்க் மேலிருந்து ஒரு ஹோஸ் கிளம்பி, டீசல் ஊற்றும் கழுத்துக்குழாயின் மேல்பகுதியில் மூடிக்குப் பக்கத்தில் சேரும். நிமிடத்துக்கு 40 லிட்டர் டீசல் உள்ளே போனால் 40 லிட்டர் காற்று இந்த வழியாக வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் டீசல் கழுத்திலேயே தேங்கி நுரைக்கும். நாஸில் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. டீசல் பாயும் வேகத்தில் அந்த ஓட்டை வழியாகக் காற்று இழுபட்டுக்கொண்டே இருக்கும். நுரை வந்து அதை மூடியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு ரப்பர் சவ்வை இழுத்து லீவரை விடுவித்துவிடும். டேங்க் நிறைந்ததா, வெறும் நுரையா என்று அந்த ஓட்டைக்குத் தெரியாது.

பிப்ரவரி முதல் ஞாயிறு, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு டார்ச்சோடு உள்ளே படுத்தேன். காற்று ஹோஸைப் பிடித்திருந்த கிளிப் எப்போதோ துருப்பிடித்து உடைந்திருக்கிறது. ஹோஸ் தளர்ந்து, டேங்குக்கும் சேசிஸுக்கும் நடுவே தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அமுக்கினேன். உள்ளே தளும்பியது, டீசல். சிங்க் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்குமே, அதே ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. தொங்கல் சுமார் 15 சென்டிமீட்டர். வெளியேறப் பார்க்கும் காற்று ஒவ்வொரு முறையும் அவ்வளவு உயர டீசலை முட்டித் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

ஹோஸைக் கழற்றி வடித்து, ஒரு இடத்தில்கூடப் பள்ளம் விழாமல் டேங்கிலிருந்து கழுத்துவரை ஏறுமுகமாகவே போகும்படி புதுக் கிளிப் போட்டுக் கட்டினேன். செலவு கிளிப்புக்கு மட்டும். அடுத்த தடவை 45 லிட்டருக்கு 6 நிமிடம் 20 விநாடி, பாதிக்கும் கீழே. உங்கள் வண்டியிலும் இதே தொந்தரவு இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு மேல் நான் செய்தது என் ஆசைக்காக.

அந்த ஹோஸின் உள்விட்டம் 8 மி.மீ. தான். 40 லிட்டர் காற்று ஒரு நிமிடத்தில் அதற்குள் போக வேண்டுமென்றால் விநாடிக்கு 13 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 48 கி.மீ. அதுவே 16 மி.மீ. ஆக இருந்தால் பரப்பு நான்கு மடங்கு, வேகம் கால்வாசி. கணக்கு நோட்டில் இதைப் போட்டுப் பார்த்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

டேங்கில் ஓட்டை போடுவதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். காலி டேங்கில் டீசல் ஆவி நிற்கும். அதில் ட்ரில்லோ வெல்டிங்கோ கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒரு வழி சொன்னார். "தம்பி, டேங்க்கத் தொடாதே. ஃப்ளோட் தட்ட கழட்டிக்கினு போய் வெளிய வெச்சு வேலை செய்." டீசல் அளவு காட்டும் மிதவை ஒரு வட்டத் தட்டில் ஐந்து ஸ்க்ரூவோடு டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தத் தட்டில் காலி இடம் இருந்தது.

டேங்கை இறக்கியது தனி அனுபவம். நிறைந்த டேங்கில் டீசலே 50 கிலோவுக்கு வரும். அதனால் முள் அடியில் வந்தபிறகு, மிச்சம் 7 லிட்டரைக் கைப்பம்பால் கேனில் எடுத்தேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். அடியில் பலகை வைத்து ஜாக் கொடுத்தேன். டேங்கைத் தாங்கும் பட்டையின் போல்ட்டுகள், முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்ததால், தலை உடையாமல் வந்தன. தட்டுக்கு அடியில் இருந்த கார்க் கேஸ்கெட் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

தட்டை மிதவையிலிருந்து பிரித்துக் கழுவி, கலாசிபாளையம் பக்கம் ஒரு லேத்தில் கொடுத்தேன். 16 மி.மீ. உள்விட்டத்தில் பித்தளை நிப்பிள் (ஹோஸ் மாட்டும் குட்டைக் குழாய்), தட்டுக்கு மேலும் கீழும் நட், நடுவில் வாஷர். கழுத்துக்குழாயைத் தனியே கழற்றி வெந்நீரிலும் சோப்புத்தூளிலும் கழுவி, இரண்டு நாள் மொட்டைமாடியில் காயவைத்து, ரேடியேட்டர் கடையில் அதே அளவு குழாயைப் பற்றவைத்து வாங்கினேன். டேங்கில் பழைய 8 மி.மீ. வாயை அடைத்துவிட்டேன். ஹோஸுக்கு ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறினேன். மூன்றில் தண்ணீர் ஹோஸைக் காட்டி "இதுவே போதும் சார்" என்றார்கள். போதாது. சாதா ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாய் கொஞ்ச நாளில் விறைத்து வெடிக்கும். நைட்ரைல் ரப்பரில் செய்த ஃபியூயல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு இடத்தில் தப்பு செய்தேன். பழைய நிப்பிள் டேங்குக்குள் 2 சென்டிமீட்டர் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. என் டேங்கின் மேல்பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் என்றால் சுமார் இரண்டரை லிட்டர். டீசல் அந்த நுனியைத் தொட்டதும் காற்று அந்த வேகத்தில் வெளியேற வழியில்லை. குவளையைக் கவிழ்த்து வாளியில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்குமே, அப்படி 5 லிட்டர் இடம் மேலே காலியாக நிற்கும். அதை வீண் இடம் என்று நினைத்தேன். புது நிப்பிளைக் கீழ்நட்டோடு ஒட்ட அறுத்துவிட்டால் 5 லிட்டர் கூடுதலாகப் பிடிக்குமே! பாய் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "காத்துக்கு எடம் வைக்கணும் தம்பி." நான் கேட்கவில்லை.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் ஊற்று. ஒரே அழுத்து, நாஸில் நிற்கவே இல்லை. 1 நிமிடம் 35 விநாடியில் டேங்க் கழுத்துவரை நிறைந்தது. பையன் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வீட்டுக்கு வந்து சந்தில் நிறுத்திவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் மதியம் எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். "தம்பி, உன் வண்டியில என்னமோ ஒழுகுதுப்பா. முக்குல என் ஸ்கூட்டி சறுக்கிடுச்சு." ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் சந்து சரிவு. வண்டிக்கு அடியிலிருந்து மினுமினுவென்று ஒரு கோடு, முக்குவரை. அக்கா காலை ஊன்றித் தப்பித்திருக்கிறார், பின்னால் பையன் உட்கார்ந்திருந்தான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. தச்சுப்பட்டறையில் இரண்டு சாக்கு மரத்தூள் வாங்கிவந்து கொட்டி, பெருக்கி, மறுபடி கொட்டி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இருட்டும்வரை முக்கிலேயே நின்று வருகிற ஒவ்வொரு டூவீலரையும் மெதுவாகப் போகச் சொன்னேன்.

நடந்தது இதுதான். பங்க் தொட்டி பூமிக்கடியில் இருப்பதால் டீசல் குளிர்ச்சியாக ஏறுகிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் ஆயிரத்துக்கு 0.8 பங்கு பெருகும். 60 லிட்டரில் 20 டிகிரிக்கு ஏறத்தாழ 1 லிட்டர். பெருகிய டீசலுக்குப் போக இடமில்லை, மெல்லிய காற்றுவழிக்குள் ஏறிவிட்டது. அந்த மெல்லிய ஹோஸ் டேங்குக்குக் கீழே தொங்கவிடப்பட்டிருந்தது. ஒருமுறை நிறைந்ததும், கேனிலிருந்து வாயால் இழுத்துவிட்ட குழாய் மாதிரி தானாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. குண்டு வால்வு வண்டி கவிழ்ந்தால்தான் மூடும், இதற்கு மூடாது.

அடுத்த வாரமே டேங்கை மறுபடி இறக்கினேன். நிப்பிளில் 2 சென்டிமீட்டர் நீளக் குழாயை உள்பக்கம் சேர்த்தேன், கம்பெனி வைத்த அதே அளவு. மெல்லிய ஹோஸை கேபினுக்குப் பின்னால் டேங்கைவிட உயரத்துக்கு ஏற்றி, ஒரு வளைவு கொடுத்து, அதன்பிறகு கீழே இறக்கினேன். நிறைத்துவிட்டு அதே சந்தில், அதே சரிவில், அடியில் பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு நாள் ஏப்ரல் வெயிலில் நிறுத்தினேன். தாள் காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் ரோட்டில் எடுத்தேன்.

இப்போது 45 லிட்டர் 1 நிமிடம் 40 விநாடி. முதல் கட் கடைசியில்தான் வருகிறது. அங்கேயே நிறுத்தச் சொல்லிவிடுகிறேன், தட்டித் தட்டி நிறைப்பதில்லை.

பெட்ரோல் வண்டியில் இதைக் கனவிலும் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி எளிதில் கிளம்பும். அதைப் பிடிக்கவே கரி டப்பாவும் அதற்கென்று வால்வுகளும் வைத்திருக்கிறார்கள். டீசலிலும் வாரண்டியில் இருக்கும் வண்டியைத் தொட வேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது, கை வைக்குமுன் படித்துவிடுங்கள். என் பழைய மிதவைத் தட்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறது, பழையபடி வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மீதி ஒன்று இருக்கிறது. குண்டு வால்வுக்குப் பதில், டீசல் ஏறினாலே மிதந்து மூடிக்கொள்ளும் மிதவை வால்வு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாய் பழைய சாமான் கடைகளில் சொல்லிவைத்திருக்கிறார். அதுவரை சனிக்கிழமை காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், குனிந்து அடியில் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறேன்.