அரைக் கிலோ வித்தியாசம்: சர்ஃப் போர்டுக்குள் இருக்கும் ஃபோம் பற்றி

கோவளத்திலும் மகாபலிபுரத்திலும் புது போர்டு வாங்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், எத்தனை லிட்டர் (போர்டின் கன அளவு) என்று கேட்டு முடித்த கையோடு கேட்பது "பி.யூ.வா, எப்பாக்ஸியா?" என்பதுதான். பி.யூ. என்பது உள்ளே இருக்கும் ஃபோம், எப்பாக்ஸி என்பது வெளியே துணியோடு சேர்த்துப் பூசுகிற ரெசின், இரண்டும் போட்டியாளர்களே இல்லை. கடையில் "எப்பாக்ஸி போர்டு" என்று சொன்னால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இ.பி.எஸ்., அதாவது டி.வி. அட்டைப்பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல்தான், கொஞ்சம் அடர்த்தியாகச் செய்தது. பி.யூ. என்பது பாலியூரித்தேன், ஃபிரிட்ஜ் சுவருக்குள் குளிர் வெளியேறாமல் இருக்க நிரப்புகிறார்களே, அந்த இனம். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் "தெர்மாகோல் லேசு, அதனால் நன்றாக மிதக்கும், அதனால் சுலபமாக அலை பிடிக்கலாம்" என்கிற பேச்சில் இருக்கிறது. இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 30 லிட்டர் போர்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பி.யூ. ஃபோம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 40 முதல் 50 கிலோ வரும், போர்டுக்குப் பயன்படுத்துகிற இ.பி.எஸ். சுமார் 24 முதல் 32 கிலோ. அப்படியானால் 30 லிட்டரில் பி.யூ. ஏறக்குறைய 1.3 கிலோ, இ.பி.எஸ். முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. வித்தியாசம் சுமார் அரைக் கிலோ. அந்தப் போர்டு முழுக்க முங்கினால் விலக்கும் கடல்நீர் 30 கிலோவுக்கு மேல். முப்பதில் அரை என்றால் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு! காலையில் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுக் கடலில் இறங்கினால் அந்த மிதப்பு சரியாகப் போய்விடும்.

ஆனால் ஏறிப் பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டும் வேறு வேறு என்றுதான் சொல்கிறார்கள், அது பிரமையும் இல்லை. அந்த அரைக் கிலோவை முப்பது கிலோ மிதப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை, ஆனால் போர்டின் மொத்த எடையே மூன்று கிலோவுக்குள் என்னும்போது அதில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காலுக்குக் கீழே தெரிவது இதுதான். போர்டின் மூக்கைத் திருப்ப ஆகும் முயற்சி, அலை முகத்தில் வேகம் கூட்டக் காலால் அழுத்தி அழுத்திப் பம்ப் செய்யும்போது அது எவ்வளவு சீக்கிரம் காலோடு எழும்பி வருகிறது, தண்ணீரில் ஒரு மேடு வந்து இடித்தால் போர்டு அதைத் தள்ளிக்கொண்டு போகிறதா அல்லது துள்ளுகிறதா, எல்லாம் எடையின் விஷயம், மிதப்பின் விஷயம் அல்ல. எனவே கேட்க வேண்டிய கேள்வி நான் சர்ஃப் செய்கிற தண்ணீருக்கு லேசான போர்டு நல்லதா என்பது.

நம் கிழக்குக் கரையில் அதற்குப் பதில் மணிக்கு மணி மாறும். ஜூன், ஜூலையில் விடியற்காலையில் மேற்கிலிருந்து கரைக்காற்று வீசும், அலை முகம் வழவழவென்று நிமிர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் எந்த ஃபோமும் நன்றாகவே ஓடும், இடுப்பளவு அலையாக இருந்தால் இ.பி.எஸ். ஒரு படி மேலே. சின்ன அலையில் தள்ளுகிற சக்தி குறைவு, வேகத்தை நாம்தான் பம்ப் செய்து உண்டாக்க வேண்டும், அப்போது லேசான போர்டு நாம் கொடுத்ததை உடனே திருப்பிக் கொடுக்கும். அலை உச்சியில் திரும்பும் டாப் டர்னில் வால் சட்டென்று சுழலும். இதை நான் மனதாரச் சொல்கிறேன், ஜனவரியிலிருந்து மார்ச் வரை இங்கே வருகிற சோம்பேறி அலைகளுக்கு இ.பி.எஸ். கொடுக்கிற உற்சாகத்தைப் பி.யூ. கொடுக்காது.

அப்புறம் பகல் ஏறக் கடல்காற்று ஆரம்பிக்கும். காற்று கிழக்கிலிருந்து அலையின் முதுகைத் தள்ளி வரும், முகம் முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள் எழும். இப்போது அதே இ.பி.எஸ். போர்டில் டேக்-ஆஃப் செய்து, அதாவது அலையைப் பிடித்து எழுந்து நின்று, கீழே இறங்கினால் ரெயில் (போர்டின் பக்க விளிம்பு) தண்ணீரைக் கடிக்கும் முன்பே போர்டு சடசடவென்று அதிரும், அந்த அதிர்வு பாதத்தின் வழியாக முழங்கால் வரை வரும், அலையின் அடியில் திரும்பும் பாட்டம் டர்னில் பின்காலை அழுத்தினாலும் போர்டின் அடியில் உள்ள துடுப்பான ஃபின் ஒரு நொடி பிடித்து ஒரு நொடி விட்டுப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அதே அளவு, அதே வடிவம் உள்ள பி.யூ. போர்டு அந்த மேடுகளை அறுத்துக்கொண்டு போகும். அந்த அரைக் கிலோ அங்கே வேலை செய்கிறது, ஃபோமின் குணமும் சேர்ந்து வேலை செய்கிறது. பி.யூ. ஃபோமும் அதன்மேல் வழக்கமாகப் பூசும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்த கட்டமைப்பு அதிர்வை உள்ளே வாங்கிக்கொள்ளும். இ.பி.எஸ்ஸும் எப்பாக்ஸியும் சேர்ந்தது விறைப்பாக, துடிப்பாக இருக்கும். வழவழப்பான தண்ணீரில் அந்தத் துடிப்பு வரம், கலைந்த தண்ணீரில் அதுவே தொல்லை. காற்றுள்ள நாட்களிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் பெரிய, ஒழுங்கற்ற அலையிலும் நான் தயங்காமல் பி.யூ.வைத்தான் எடுப்பேன்.

பாட்டம் டர்னின் நடுவில் போர்டு மெல்ல வளைந்து, வெளியே வரும்போது நிமிரும், அந்த நிமிர்வு நம்மை முன்னே தள்ளும். இதை ஃப்ளெக்ஸ் என்கிறார்கள். பி.யூ. போர்டில் நடுவே நீளவாக்கில் ஓடும் மெல்லிய மரக்கீற்றான ஸ்ட்ரிங்கர்தான் இதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இ.பி.எஸ்ஸில் பலர் ஸ்ட்ரிங்கரையே எடுத்துவிட்டு, ரெயில் ஓரமாகப் பால்சா மரத்தையோ கார்பன் பட்டையையோ கொடுக்கிறார்கள், 2000களின் நடுவில் ஃபயர்வயர் கம்பெனி பிரபலமாக்கியது இந்தப் பால்சா ரெயில் முறையைத்தான். நடு எலும்பை எடுத்து விளிம்புக்குக் கொண்டுபோனால் போர்டு வளைகிற விதமே மாறிவிடும். ஆகவே "இ.பி.எஸ். இப்படித்தான் ஓடும்" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால், எந்த இ.பி.எஸ்., ஸ்ட்ரிங்கர் எங்கே, கிளாஸ் (ரெசினோடு போர்த்தும் ஃபைபர் துணி) எத்தனை அடுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, பி.யூ. எப்படி இத்தனை காலம் ராஜாவாக இருந்தது? உண்மையில் தெர்மாகோல் இனம்தான் முதலில் வந்தது. கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் 1940களின் கடைசியிலேயே பாலிஸ்டைரீன் ஃபோமை வைத்துப் போர்டு செய்தார். சிக்கல் என்னவென்றால் பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, அது பாலிஸ்டைரீனைத் தொட்டால் கரைத்துவிடும். அதனால் அவர் ஃபோமுக்கு மேலே பிளைவுட்டை ஒட்டி, விளிம்புக்குப் பால்சா வைத்து மூட வேண்டியிருந்தது. 1950களின் பிற்பகுதியில் பாலியஸ்டரைத் தாங்குகிற பாலியூரித்தேன் வந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். போர்டு தயாரிப்பாளர் ஹோபி ஆல்ட்டருடன் வேலை செய்த கோர்டன் கிளார்க் 1961இல் தனியாகக் கிளார்க் ஃபோமைத் தொடங்கினார், பிறகு அமெரிக்காவில் ஷேப்பர்கள் (போர்டைச் செதுக்குகிறவர்கள்) வாங்கிய பிளாங்குகளில், அதாவது செதுக்காத ஃபோம் அச்சுருக்களில், பத்தில் ஒன்பது அவருடையவை என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தார். 2005 டிசம்பர் 5ஆம் தேதி, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், கடையை மூடுகிறேன் என்று வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் ஃபேக்ஸில் அனுப்பினார். அச்சுகளையும் உடைத்துப் போட்டார்கள். பிளாங்க் விலை ஏறியது, ஷேப்பர்கள் ஆஸ்திரேலியாவின் பென்னட், பர்ஃபோர்ட் பிளாங்குகளுக்கு அலைந்தார்கள், அதுவரை எட்டிப் பார்க்காத பலர் இ.பி.எஸ். பக்கம் திரும்பினார்கள். இன்று நம் கையில் இ.பி.எஸ். போர்டு இவ்வளவு சாதாரணமாக வந்து சேர்வதற்கு அந்த ஒரு நாளும் ஒரு காரணம்.

கிளார்க் தன் கடிதத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று டி.டி.ஐ., முழுப்பெயர் டொலுயீன் டை-ஐசோசயனேட். பி.யூ. ஃபோமைப் பொங்க வைக்கும் ரசாயனம். ஐசோசயனேட் என்கிற பெயரை நம் நாட்டில் மறக்க முடியாது, 1984இல் போபாலில் கசிந்தது இதே குடும்பத்தைச் சேர்ந்த மீத்தைல் ஐசோசயனேட். ஃபோம் பொங்கி இறுகிய பிறகு போர்டைத் தொடுகிற நமக்குப் பயமில்லை, ஆபத்து ஊற்றுகிற தொழிலாளிக்குத்தான், நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. இ.பி.எஸ்ஸுக்கு இந்த வேதனை கிடையாது, அதை மறுபடி உருக்கி வேறு பொருளாக்கவும் முடியும், இறுகிய பி.யூ.வை உருக்க முடியாது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டத்தில் பி.யூ. பிடித்திருந்தாலும் இந்தப் பக்கத்தில் இ.பி.எஸ்ஸுக்குத்தான் என் ஓட்டு.

ஷேப்பர்கள் சொல்கிற ஒரு நுணுக்கம் வாங்குகிறவர்களுக்கும் உதவும். பி.யூ.வை மூடிய அச்சில் ஊற்றுவதால் பிளாங்கின் மேற்பரப்புக்கு அருகே ஃபோம் கெட்டியாகவும் நடுவே மென்மையாகவும் இருக்கும். ஆகவே மேல்பக்கத்தில் குறைவாகச் சீவுகிறவர் கெட்டிக்காரர், பெரிய பிளாங்கை எடுத்துச் சீவித் தள்ளினால் மென்மையான பகுதி மேலே வந்து, கொஞ்ச நாளிலேயே குதிகால் பட்ட இடமெல்லாம் குழி விழும். இ.பி.எஸ். அப்படி அல்ல, பெரிய கட்டியாக நீராவியில் வேகவைத்து, சூடான கம்பியால் அறுக்கிறார்கள், உள்ளும் வெளியும் ஒரே அடர்த்தி. ஆனால் உளி வைத்தால் மணி மணியாகப் பிடுங்கிக்கொண்டு வரும்.

நம் ஊரில் ஓட்டத்தை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, ரிப்பேர். கரையில் போர்டு ரிப்பேர் கடைகள் குறைவு, ஆனால் ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் ஃபைபர் படகைச் சரிசெய்கிற கைதேர்ந்த அண்ணன் ஒருவர் இருப்பார். அவரிடம் இருப்பது பாலியஸ்டர் ரெசின். பி.யூ. போர்டில் ஓட்டை என்றால் அவரிடமே போகலாம், அரை மணி நேரத்தில் அழகாக அடைத்துத் தருவார். இ.பி.எஸ். போர்டைக் கொண்டுபோனால்? ரெசின் பட்டதும் வெள்ளை ஃபோம் சுருங்கும், மணிகள் ஒன்றோடொன்று குழைந்து பள்ளமாக இறங்கும், நகம் அளவு இருந்த ஓட்டை உள்ளங்கை அளவு குகையாகிவிடும். அவர்மேல் தப்பே இல்லை, வெளியே கிளாஸைப் பார்த்தால் உள்ளே எந்த ஃபோம் என்று யாருக்கும் சட்டென்று தெரியாது. இ.பி.எஸ். வைத்திருப்பவர்கள் எப்பாக்ஸி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அளவுக்கருவியில் சரியாக நிறுத்துக் கலக்குங்கள், பாலியஸ்டரை இறுக வைக்கும் கேட்டலிஸ்டைக் கூட்டிக் குறைக்கிற கைப்பக்குவம் எப்பாக்ஸியிடம் செல்லாது. எந்த ஃபோம் என்று சந்தேகமாக இருந்தால் உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள், குட்டிக் குட்டி உருண்டைகள் ஒட்டியது போல் தெரிந்தால் இ.பி.எஸ்., மஞ்சளோடிய மாவு மாதிரி இருந்தால் பி.யூ.

தண்ணீர் குடிப்பதிலும் இரண்டும் வேறு. இ.பி.எஸ்ஸில் மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பி.யூ.வும் உறிஞ்சும், ஆனால் மெதுவாக, உடைந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பு நிறம் பரவி நமக்குச் சேதி சொல்லிவிடும். டிங், அதாவது அடிபட்ட ஓட்டை, விழுந்த இடத்தில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்ப்பது பழைய சோதனை, உப்புத்தண்ணீர் நாக்கில் பட்டால் அன்றைக்கு அந்தப் போர்டு கடலுக்கு வேண்டாம். ஓட்டை கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து வைத்து, முழுக்க உலர்ந்த பிறகுதான் அடைக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்த போர்டு வெயிலில் உப்பும்.

வெயில் என்றதும் இன்னொன்று. மே மாதம் மூடிய காருக்குள் போர்டை விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போவது இ.பி.எஸ்ஸுக்குக் கேடு. உள்ளே இருக்கும் காற்று விரியும், மேலே கிளாஸ் ஃபோமை விட்டு எழும்பும், ஒருமுறை பிரிந்தால் பழையபடி ஒட்டாது. அதனால்தான் பல இ.பி.எஸ். போர்டுகளில் காற்று வெளியேற ஒரு சிறு வென்ட் வைக்கிறார்கள், வாங்கும்போது அது எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள், திருகாக இருந்தால் கடலில் இறங்கும் முன் இறுக்கியிருக்கிறதா என்றும். இ.பி.எஸ்ஸின் தம்பியான எக்ஸ்.பி.எஸ். தண்ணீரே குடிக்காது, மூடிய அறைகளால் ஆனது, ஆனால் கிளாஸ் பிரிகிற நோய் அதற்கு இன்னும் அதிகம், நம் வெயிலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சர்ஃப் பள்ளிகளில் கொடுக்கிற சாஃப்ட் டாப் போர்டுகளில் உள்ளே பெரும்பாலும் இ.பி.எஸ்.தான், மேலே மெத்தென்ற ஃபோம் தோல். கற்றுக்கொள்ள அதுவே போதும், ஃபோம் ஆராய்ச்சியெல்லாம் அப்போது வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ஒரே ஒரு போர்டுதான் வாங்க முடியும், கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ ஆண்டு முழுக்க ஓட்ட வேண்டும் என்கிறவருக்கு நான் சொல்வது பி.யூ. இரண்டாவது போர்டுக்குக் காசு இருந்தால், சின்ன அலைக்கென்று அகலமான, குட்டையான இ.பி.எஸ். ஒன்று. நான் அடுத்துச் செய்யச் சொல்ல நினைப்பது மூன்றாவது வகை, உள்ளே பி.யூ., வெளியே எப்பாக்ஸி. எப்பாக்ஸி எந்த ஃபோமையும் கரைக்காது, பாலியஸ்டரைப் போலச் சுலபத்தில் விரிசல் விடாது, உள்ளே அதிர்வை வாங்கும் குணம் அப்படியே இருக்கும், அவசரத்துக்குக் குப்பத்து அண்ணனின் ரெசினாலும் ஃபோம் கெட்டுப்போகாது, மேலே ஒட்டுவதற்கு மட்டும் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பூசச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி போர்டை நம் கரையில் ஒரு வருஷமாவது ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், மதியக் காற்றில் அது எப்படிப் போகிறது என்று எழுதுங்கள், ஆர்டர் கொடுப்பதற்குள் தெரிந்துகொள்ள ஆசை.