கார்னர் தடுப்பு: ஆறு வாரக் குறிப்புகள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து அணி 5 ஆட்டங்களில் வாங்கியது 7 கோல். அதில் 4 கார்னரில், அதாவது மைதான மூலையிலிருந்து எதிரணி அடிக்கும் உதையில், வந்தவை. நான் சென்டர் பேக், நடுவில் நின்று தடுப்பவன். அந்த நான்கில் இரண்டு என் தலைக்கு மேலேயே போயின. அதனால் ஆறு வாரம் கார்னரை மட்டும் எடுத்துப் பழகுவது என்று முடிவு செய்தோம்.

முதல் இரண்டு வாரம் எதிரணியில் ஆளுக்கு ஒருவரை ஒட்டி நின்று காத்தோம். பயிற்சியில் சரியாகத்தான் வந்தது. ஆட்டத்தில் எதிரணியினர் மூன்று பேர் பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் கொத்தாக நின்று, பந்து அடிக்கும் நேரத்தில் மூன்று பக்கமாகப் பிரிந்தார்கள். என் ஆளைத் துரத்திப் போன நான் எங்கள் ஆள் மீதே மோதினேன். கோல்.

மூன்றாம் வாரம் ஆளை விட்டு இடத்தைக் காத்தோம். கோலிலிருந்து 5.5 மீட்டரில் இருக்கும் கோட்டை ஒட்டி ஐந்து பேர் வரிசையாக நின்றோம். அன்றும் ஒரு கோல் விழுந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. ஆட்டம் முடிந்ததும் கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸுக்குள் திரும்பப் போய்ப் பார்த்தேன். முந்தைய இரவு மழை பெய்து செம்மண் ஈரமாக இருந்தது. நான் நின்ற இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதக் குழிகள், அவ்வளவுதான். ஹெட்டர் (தலையால் முட்டுவது) அடித்தவருடைய தடமோ பெனால்டி புள்ளியிலிருந்தே ஓடி வந்தது. காலடிக்குக் காலடி இடைவெளி கூடிக்கொண்டே வந்து, கடைசிக் காலடியில் பூட்ஸின் ஸ்டட் ஆழமாகப் பதிந்திருந்தது. ஓடி வந்து எழும்புகிறவரோடு நின்ற இடத்திலிருந்து எழும்பிப் போட்டி போட முடியாது. இத்தனை வருஷம் ஆடியும் மண்ணில் பார்த்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

அன்று இரவே 1998 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். முதல் பாதியிலேயே இரண்டு கார்னர், பிரான்சின் ஜிடான் தலையால் இரண்டு கோல். பிரேசில் 0-3 என்று தோற்றது. இரண்டு முறையும் பந்து வந்து விழும் இடத்துக்கு ஜிடான் ஓடி வருகிறார். அந்த ஓட்டத்தை யாரும் கெடுக்கவில்லை.

நான்காம் வாரம் இரண்டையும் கலந்தோம். அந்த 5.5 மீட்டர் கோட்டில் நான்கு பேர். அவர்களுக்கு முன்னால், ஓடி வருகிறவர்களின் வழியில் மூன்று பேர். இந்த மூவருக்கு அணியிலேயே குள்ளமானவர்களைப் போட்டேன். விங்கில் (ஓரத்தில்) ஆடும் தம்பி தயங்கினான்.

“அண்ணா, எனக்கு ஹெட்டரே வராதே.”

“உனக்குப் பந்து வேண்டாம்டா. அவன் வேகத்தை மட்டும் உடை.”

இதில் கவனம் வேண்டும். எதிராளி ஓடத் தொடங்கும் முன்பே வழியில் நின்றிருக்க வேண்டும். பிறகு நகர்ந்து போய் மறித்தால் ஃபவுல். கையால் பிடித்தால் பெனால்டி. பந்தும் ஆளும் சேர்ந்து கண்ணில் படும்படி பக்கவாட்டாக நின்று, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த ஞாயிறு வந்த 6 கார்னரில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தம்பி ஒரு பந்தையும் தொடவில்லை. என்னைக் கேட்டால் அன்றைக்கு அவன்தான் எங்கள் சிறந்த ஆட்டக்காரன்.

ஐந்தாம் வாரம் வெளியே ஏறுவதைப் பழகினோம். நேராகக் கார்னரிலிருந்து வரும் பந்துக்கு ஆஃப்சைடு (தடுப்பவர்களுக்குப் பின்னால் கோல் பக்கமாக நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது. ஆனால் நாம் அடித்து விலக்கிய பந்தை எதிரணி மறுபடி உள்ளே போட்டால் உண்டு. அதனால் கிளியர் ஆன உடனே கீப்பர் “ஏறு!” என்று கத்த, எல்லோரும் ஓடி வெளியே வர வேண்டும். நடந்து வருகிற ஒருவர் போதும், மொத்தமும் வீண்.

ஆறாம் வாரம் ஒரு கோல் வாங்கினோம். பந்து கார்னர் கொடிக்குப் போகும்போதே நாங்கள் முதுகைக் காட்டி இடம் தேடி நடந்துகொண்டிருந்தோம். அவர்கள் சட்டென்று அடித்துவிட்டார்கள். 2019 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக லிவர்பூலின் அலெக்சாண்டர்-அர்னால்ட் அடித்ததும் ஒரிகி கோலாக்கியதும் இதே மாதிரிதான். இனி கார்னர் என்று தெரிந்ததும் ஒருவர் பந்தைப் பார்த்தபடியே கொடிப் பக்கம் ஓட வேண்டும், 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மற்றவர்கள் பின்னோக்கி நடந்தே இடத்துக்கு வர வேண்டும். இந்தச் சனிக்கிழமை அதைத்தான் பழகப் போகிறோம்.