உகண்டாவிலிருந்து வந்த காய்ச்சலும் வீணாய்ப் போன மூன்று நாட்களும்

அந்த மூன்று நாட்களை நினைத்தால் மனம் இன்னும் ஆறவில்லை. உகண்டாவில் ஒன்றரை வருடம் கட்டட வேலை செய்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிய ஒன்பதாம் நாள், குளிர் பிடித்து உடம்பு உதறத் தொடங்கியது. பக்கத்திலிருந்த தனியார் வைத்தியசாலைக்குப் போனேன். மழைக்காலம், ஊரெல்லாம் டெங்கு. டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் பிளேட்லெட் குறைந்திருந்தது. "டெங்குதான், சில நேரம் காட்டாது" என்று பனடோலோடு அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் போனேன். அதே பதில், இன்னொரு பில். மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் இரவு அத்தான்தான் கேட்டார்: "நீ ஆபிரிக்காவால வந்தனீ எண்டு டொக்டருக்குச் சொன்னனியோ?"

அரச வைத்தியசாலையில் முதல் வார்த்தையாக அதைச் சொன்னேன். விரல் நுனியில் குத்திக் குருதி எடுத்தார்கள். அரைமணி நேரத்துக்குள் முடிவு வந்தது: பால்சிபாரம் மலேரியா. இந்த வகையில் தாமதித்தால் மூளை வரை போய் ஆளையே கொல்லும். வார்டில் நுளம்பு வலைக்குள் படுக்க வைத்து மூன்று நாள் மாத்திரை தந்தார்கள், சரியாகிவிட்டது. வெறும் வயிற்றில் போடாதீர்கள்; பாலோ கொழுப்புள்ள சாப்பாடோ சேர்ந்தால்தான் அந்த மாத்திரை நன்றாக உடம்பில் சேரும்.

ஒரு பிழை என்னுடையது. போகும்போது மலேரியா தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரை இலவசமாகத் தந்தார்கள். வாரம் ஒன்று. நாடு திரும்பிய பிறகும் நான்கு வாரம் போட வேண்டும் என்று சொல்லியும் இருந்தார்கள். விமானம் ஏறிய அன்றே நிறுத்திவிட்டேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான அலைச்சல். 28 நாள் வரை குறித்த நாட்களில் குருதி காட்ட வேண்டும். 21 ஆம் நாள் பஸ் ஏறிப் போனால், குருதி எடுப்பவர் லீவு, நாளைக்கு வா என்றார்கள். வைத்தியசாலையில் தந்த அட்டையில் இருந்த மலேரியா இயக்க இலக்கத்துக்கு அங்கே நின்றே அழைத்தேன். பின்னேரமே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து எடுத்துப் போனார். அந்த அட்டையைத் தொலைக்காதீர்கள்.

இதற்கிடையில் சுற்றுவட்டார வீடுகளில் எல்லாம் குருதி எடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து பார்த்தார்கள், கிணறுகளில் மீன் விட்டார்கள். பக்கத்து வீட்டு மாமிக்குக் கோபம். "குடிக்கிற தண்ணிக்குள்ள மீனோ தம்பி?" என்று என்னிடமே கேட்டார். வந்திருந்த உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார்: மலேரியாவைப் பரப்பும் ஸ்டெபன்சி என்ற நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் பிடிபட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். அது கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும்; மீன் அதன் புழுக்களைத் தின்றுவிடும். 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உள்ளூரில் யாருக்கும் மலேரியா தொற்றவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழும் தந்துவிட்டது. ஆனால் நுளம்பு போகவில்லையே. என்னைப் போல ஒருவர் கிருமியோடு வந்தால் போதும். 1963 இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. கண்காணிப்புத் தளர்ந்து 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மாமி பேசாமல் கையை நீட்டினார். அவருக்கும் ஒன்றும் இல்லை.

என்னோடு திரும்பி வந்தவர்களின் பெயர்களையும் கேட்டார்கள். நண்பர்களைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது, தயங்கித்தான் கொடுத்தேன். நான்கு பேர். நான்கு மாவட்டங்களில் தேடிப் போய்ச் சோதித்திருக்கிறார்கள். 28 ஆம் நாள் எனக்குக் கிருமி இல்லை என்று சொன்ன அன்றுதான் மற்றதையும் அறிந்தேன்: மட்டக்களப்பு நண்பரின் குருதியில் கிருமி இருந்ததாம். அவருக்குக் காய்ச்சலே வரவில்லை. மருந்து தொடங்கிவிட்டார்கள்.